மூளைக்குள் வெளிச்சம்: நியூரானைத் தூண்டுவதும் வேவு பார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“எலி மண்டைக்குள்ள லைட் போடுறியாமே?” என்று சித்தி ஒரு கல்யாண வீட்டில் கேட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்த நாலு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்புறம் கல்லூரிகளில் பேசப் போன இடங்களிலும் அதே கேள்வி, வேறு வேறு வடிவத்தில். ஒவ்வொரு தடவையும் பாதி பதில் சொல்லி மீதியை விழுங்குவதைவிட மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஓடுகிற, தின்கிற, சண்டை போடுகிற சுண்டெலியின் மூளையில் ஒளியை வைத்து என்ன செய்கிறோம், அதில் எதை நம்பலாம், எங்கே ஏமாந்து போவோம் என்பதெல்லாம் இதில் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், இது என்ன வேலை?

இரண்டு வேலைகள். மூளையில் நாம் தேர்ந்தெடுத்த ஒரு வகை நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களை, மட்டும் ஒளி பட்டால் இயங்கும்படி மாற்றிவிட்டு, வெளிச்சம் காட்டித் தூண்டுவது முதல் வேலை. இதற்கு ஒளிமரபியல் என்று பெயர்; ஆய்வகத்தில் எல்லோரும் ஆப்டோஜெனடிக்ஸ் என்றுதான் சொல்வோம். இரண்டாவது வேலை இதற்குத் தலைகீழ். நியூரான் தானாக இயங்கும்போது பளிச்சென்று ஒளிரும்படி மாற்றிவிட்டு, அந்த ஒளியை அளந்து, அது எப்போது இயங்கியது என்று தெரிந்துகொள்வது.

முதலாவது பேச்சு, இரண்டாவது ஒட்டுக்கேட்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் போய்ப் பேசினால் அவரால் என்னென்ன செய்ய முடியும் என்று தெரியும். ஒட்டுக்கேட்டால்தான் அவர் வழக்கமாக என்ன செய்கிறார் என்று தெரியும். இந்தத் துறையில் நடந்த பெரிய குழப்பங்கள் பலவும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்தவை. கீழே பசி நியூரான்களைப் பற்றிய கேள்வியில் அதை விரிவாகச் சொல்கிறேன்.

மூளைச் செல்லுக்கு வெளிச்சம் எப்படித் தெரியும்? மண்டைக்குள் இருட்டுதானே?

இருட்டுதான். சாதாரண நியூரானுக்கு வெளிச்சம் தெரியாது. தெரிய வைப்பதற்கான புரதத்தைக் குளத்துப் பாசியிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறோம்.

கிளமைடோமோனஸ் என்ற பச்சைப்பாசியைப் பள்ளிக்கூடத் தாவரவியல் பாடத்தில் வரைந்திருப்பீர்கள்: முட்டை வடிவம், முன்னால் இரண்டு கசையிழைகள், பக்கத்தில் ஒரு சிவப்புக் கண்புள்ளி. அந்தக் கண்புள்ளிப் பகுதியின் சவ்வில் ஒளி பட்டால் திறக்கும் ஒரு கதவு இருக்கிறது. கதவு திறந்ததும் நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகள் உள்ளே பாயும். பாசி வெளிச்சத்தை நோக்கித் திரும்பும். ஜெர்மனியில் பீட்டர் ஹெகமன், கெயோர்க் நாகெல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோர் அந்தக் கதவின் மரபணுவை எடுத்துத் தவளை முட்டைக்குள் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் ஒளி பட்டால் மின்னோட்டம் வந்தது. அந்தக் கதவுப் புரதத்தின் பெயர் சேனல்ரோடாப்சின். 2002இல் முதலாவது, 2003இல் இரண்டாவது. நாங்கள் அதிகம் புழங்குவது அந்த இரண்டாவதை.

இதை நியூரானுக்குள் வைத்தால் என்ன என்று யோசித்தவர்கள் பல பேர். 2005இல் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் பாய்டன், ஃபெங் ஜாங், கார்ல் டைசரோத் ஆகியோர் நாகெல், பாம்பெர்க்குடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைதான் பரவலாகப் பேசப்பட்டது. தட்டில் வளர்த்த நியூரான்கள், நீல ஒளியின் ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஒரு மின்துடிப்பு. மில்லிநொடித் துல்லியம்.

இதில் அதிர்ஷ்டமும் இருந்தது. இந்தப் புரதம் வேலை செய்ய ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு வேண்டும், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. அதைத் தனியாக ஊற்ற வேண்டியிருந்திருந்தால் உயிருள்ள விலங்கில் இந்த வேலை பெரும்பாடாகியிருக்கும். பாலூட்டிகளின் மூளையில் அது போதுமான அளவு ஏற்கெனவே இருந்தது.

மின்சாரம் பாய்ச்சித் தூண்டுவது காலங்காலமாக இருக்கிறதே, ஒளி எதற்கு?

மின்முனையை வைத்துத் தூண்டினால் பக்கத்தில் இருக்கிற எல்லாம் தூண்டப்படும். பசியைக் கூட்டும் நியூரானும் குறைக்கும் நியூரானும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு நடுவே எங்கிருந்தோ எங்கேயோ போகும் நரம்பிழைகளும் இருக்கும். கல்யாணக் கூட்டத்தில் “டேய் குமார்” என்று கத்தினால் ஏழு பேர் திரும்புவார்கள் இல்லையா, அந்தக் கதை.

டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் 1979லேயே, ஒரு வகை நியூரானை மட்டும் கட்டுப்படுத்தி மற்றவற்றை அப்படியே விட்டுவிடும் வழி வேண்டும் என்று எழுதியிருந்தார். 1999இல், அதற்கு ஒளிதான் தோதாக இருக்கும் என்றும், இது எட்டாக்கனிபோலத் தோன்றலாம் என்றும் சொன்னார். ஆறே வருடத்தில் கைக்கு எட்டிவிட்டது.

அந்த ஒரு வகை செல்லுக்கு மட்டும் பாசியின் மரபணு எப்படிப் போய்ச் சேர்கிறது?

பூட்டும் சாவியும். ஒவ்வொரு வகை நியூரானும் தனக்கே உரிய சில மரபணுக்களை இயக்கி வைத்திருக்கும். அப்படிப்பட்ட மரபணு இயங்கும் இடத்தில் மட்டும் ‘கிரி’ என்ற நொதி உருவாகும்படி வளர்க்கப்பட்ட சுண்டெலி வம்சங்கள் இருக்கின்றன. அதுதான் சாவி. சேனல்ரோடாப்சினின் மரபணுவை தலைகீழாகத் திருப்பி ஒரு வைரஸில் ஏற்றுவோம். தலைகீழாக இருக்கும்வரை அதைச் செல்லால் படிக்க முடியாது. வைரஸ் அந்தப் பகுதியில் எல்லா நியூரான்களுக்குள்ளும் நுழையும், ஆனால் கிரி இருக்கும் செல்லில் மட்டும் மரபணு நேராகத் திரும்பி வேலை செய்யும்.

வைரஸ் என்றதும் பயப்பட வேண்டாம். ஏஏவி என்று சுருக்கமாகச் சொல்கிற இது, பெருகும் திறன் நீக்கப்பட்ட ஒரு சரக்கு வண்டி. கொள்ளளவு சின்னது, சுமார் 4,700 எழுத்து டிஎன்ஏதான் ஏற்ற முடியும். சேனல்ரோடாப்சின் அதில் தாராளமாக அடங்கும்.

சரி, எலிக்குள் ஒளி எப்படிப் போகிறது? தலையில் ஓட்டை போடுவீர்களா?

ஆமாம், போடுவோம். மயக்க மருந்து கொடுத்து, முறையாக, கிருமி நீக்கிய கருவிகளோடு.

சுமார் 25 கிராம் எடையுள்ள கறுப்புச் சுண்டெலி. உள்ளங்கையில் வைத்தால் ஒரு பெரிய நெல்லிக்காயின் கனம்தான் இருக்கும். ஐசோஃப்ளூரேன் வாயுவில் மயங்கியதும், தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஸ்டீரியோடாக்சிக் சட்டத்தில் பொருத்துவோம். இரு காதுப்பக்கமும் இரண்டு மெல்லிய கம்பிகள், முன்பற்களுக்கு ஒரு கொக்கி. மயக்கத்திலும் கண் திறந்தே இருக்கும் என்பதால் காய்ந்துவிடாமல் களிம்பு தடவ வேண்டும். தோலை நீக்கினால் மண்டையோட்டின் எலும்புத் தகடுகள் சேரும் கோடுகள் தெரியும். முன்பக்கக் கோடுகள் சந்திக்கும் புள்ளி ப்ரெக்மா, பின்பக்கம் சந்திப்பது லாம்டா. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்து மட்டம் பிடிப்பதற்குள் கழுத்து வலித்துவிடும். கொத்தனார் மட்டப்பலகை வைத்துப் பார்ப்பதைப் போலத்தான். இங்கே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் சுவர் சாய்ந்துவிடும்.

பசி நியூரான்கள் இருக்கும் ஆர்க்குவேட் கரு என்ற சின்னச் செல்கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ப்ரெக்மாவிலிருந்து பின்னால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கீழே கிட்டத்தட்ட 5.8 மில்லிமீட்டர். மூளையின் அடித்தளத்துக்கே போக வேண்டும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் வைரஸை ஏற்றி, நிமிடத்துக்குச் சில பத்து நானோலிட்டர் வேகத்தில் செலுத்துவோம். செலுத்தி முடித்ததும் குழாயை உருவிவிடக் கூடாது, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பொறுமை இழந்து உருவினால் வைரஸ் குழாயோடு மேலேறி வழியெல்லாம் பரவிவிடும். நான் உருவியிருக்கிறேன். அதற்கு அந்தச் செமஸ்டரே போயிற்று.

அடுத்து ஃபைபர். 200 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி இழை, மேல்முனையில் பீங்கான் பூண். இழையை இறக்கி, பூணைப் பல் மருத்துவர் பயன்படுத்தும் சிமெண்டால் மண்டையோட்டில் ஒட்டுவோம். காய்ந்ததும் தலையில் சின்னக் குடுமிபோல நிற்கும். சில மணி நேரத்தில் எலி எழுந்து நடமாடும். வலிநிவாரணி சில நாட்களுக்குத் தொடரும். புரதம் போதுமான அளவு உருவாக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதுவரை எலியைக் கையில் எடுத்துப் பழக்குவதுதான் வேலை.

சோதனை நாளில் ஒரு கேபிளை அந்தப் பூணில் செருகுவோம். கேபிளின் மறுமுனை லேசருக்குப் போகும். நடுவில் ஒரு சுழலும் இணைப்பு இருந்தால் எலி எத்தனை சுற்று சுற்றினாலும் கேபிள் முறுக்காது.

எவ்வளவு வெளிச்சம்?

தூண்டுவதற்கு 470 நானோமீட்டர் வாக்கில் நீல ஒளி. இழை முனையில் சில மில்லிவாட்டிலிருந்து பத்து மில்லிவாட்வரை. பத்து மில்லிவாட் என்றால் அற்பமாகத் தெரியும், ஆனால் 200 மைக்ரோமீட்டர் வட்டத்துக்குள் அடைத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 300 மில்லிவாட்டுக்கு மேல் வந்துவிடும். சேனல்ரோடாப்சின் திறக்கச் சதுர மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிவாட் போதும். இத்தனை கூடுதலாகக் கொடுப்பதற்குக் காரணம், மூளைத்திசு பால்போல ஒளியைச் சிதறடிக்கும். ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் பெரும்பகுதி கரைந்துவிடும்.

நியூரானின் இயக்கத்தை எப்படிப் பதிவு செய்கிறீர்கள்?

நியூரான் துடிக்கும்போது அதற்குள் கால்சியம் பாயும். கால்சியம் வந்தால் ஒளிரும் புரதத்தை வைத்துவிட்டால் துடிப்பு வெளிச்சமாக மாறிவிடும். ஒசாமு ஷிமோமுரா 1962இல் ஒரு ஜெல்லிமீனிலிருந்து பிரித்த பச்சை ஒளிர்புரதம்தான் இதற்கு மூலம். 2008இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருக்கும் போனது. 2001இல் ஜப்பானில் ஜூனிச்சி நகாய் குழு அந்தப் புரதத்தை வெட்டி, கால்சியத்தைப் பிடிக்கும் கால்மாடுலினோடு ஒட்டி, ஜிகேம்ப் என்ற உணரியை உருவாக்கியது. 2013இல் அமெரிக்காவின் ஜனேலியா வளாகத்திலிருந்து வந்த ஆறாம் தலைமுறைதான் எல்லா ஆய்வகங்களுக்குள்ளும் புகுந்தது.

நான் செய்வது ஃபைபர் போட்டோமெட்ரி. அதே 200, 400 மைக்ரோமீட்டர் இழைதான். இங்கே ஒளி போவதும் வருவதும் ஒரே இழை வழியாக. உள்ளே மங்கலான நீல ஒளி போகும், சில பத்து மைக்ரோவாட்தான், தூண்டலில் போவதில் நூறில் ஒரு பங்கு வாக்கில். நியூரான்களின் பச்சை ஒளி திரும்பி வரும். இழை முனையில் இருக்கும் நூற்றுக்கணக்கான செல்களின் மொத்த ஒளி ஒரே கோடாகத் திரையில் ஓடும். யார் பேசினார்கள் என்று தெரியாது, கூட்டத்தின் இரைச்சல் ஏறியதா இறங்கியதா என்று தெரியும்.

கூடவே 405 நானோமீட்டர் ஊதா ஒளியும் போகும். அந்த அலைநீளத்தை ஒட்டி ஜிகேம்பின் ஒளிர்வு கால்சியத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறாது. அதனால் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஆடினால் அது எலி தலையை ஆட்டியதால் வந்தது, நீலக்கோடு மட்டும் ஆடினால் அது மூளை. இரண்டையும் கலந்துவிடாமல் பிரிக்க ஒன்றை நொடிக்கு 211 முறையும் (211 ஹெர்ட்ஸ்) மற்றொன்றை 531 முறையும் துடிக்கவிட்டுப் பின்னால் பிரித்தெடுப்பது ஒரு வழக்கம். மாற்றி மாற்றி எரியவிடுவதும் உண்டு.

கால்சியத்தோடு நின்றுவிடவில்லை. 2018இல், நியூரான்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் வந்தால் ஒளிரும் உணரிகள் கலிஃபோர்னியாவிலிருந்தும் பெய்ஜிங்கிலிருந்தும் வெளிவந்தன.

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்க முடியாதா?

முடியும். தலையிலேயே சுமக்கும் குட்டி மைக்ரோஸ்கோப் இருக்கிறது. 2011இல் மார்க் ஷ்னிட்ஸர் குழு வெளியிட்டதன் எடை 1.9 கிராம். 25 கிராம் எலிக்கு அது நாம் நாலைந்து கிலோவைத் தலையில் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. பழகிவிடும் என்றாலும் சண்டை, இனச்சேர்க்கை போன்ற ஆய்வுகளில் யோசிக்க வேண்டும். இதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் இரட்டை ஃபோட்டான் மைக்ரோஸ்கோப். அதில் வழக்கமாகத் தலையை அசையாமல் பொருத்தி, எலியை ஒரு பந்தின்மேல் ஓடவிடுவார்கள். நான் அதிகம் செய்ததில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

நியூரானைத் தூண்டினால் எலி சொன்னபடி கேட்குமா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நீளமாகப் பதில் சொல்ல ஆசை.

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் ஆர்க்குவேட் கருவில் ஏஜிஆர்பி நியூரான்கள் என்று சில ஆயிரம் செல்கள் இருக்கின்றன. பட்டினி கிடந்த எலியில் இவை மும்முரமாக இயங்கும். 2011இல் ஜனேலியாவில் ஸ்காட் ஸ்டெர்ன்சன் குழு இவற்றில் சேனல்ரோடாப்சின் வைத்து நீல ஒளி பாய்ச்சியது. வயிறு நிறைந்த எலிகள். பகல் நேரம், எலி வழக்கமாகத் தூங்கும் நேரம். விளக்கு எரிந்த சில நிமிடங்களில் தின்ன ஆரம்பித்தன. பயிற்சி எதுவும் கிடையாது. எத்தனை நியூரான்கள் தூண்டப்பட்டன, எத்தனை வேகத்தில் என்பதைப் பொறுத்துத் தின்ற அளவும் கூடியது.

முதன்முதலில் இதை என் கண்ணால் பார்த்தபோது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மூலையில் சுருண்டு படுத்திருந்த எலி. நான் பொத்தானை அழுத்தினேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் எழுந்தது, மோப்பம் பிடித்தது, தட்டைத் தேடிப் போய் இரண்டு கைகளாலும் தீவன உருண்டையைப் பிடித்துக்கொண்டு கொறிக்கத் தொடங்கியது. விளக்கை அணைத்த சற்று நேரத்தில் உருண்டையைக் கீழே போட்டுவிட்டு முகம் துடைத்துக்கொண்டது. யாரோ ஒருவர் வீட்டுக் குழாயைத் திறந்து மூடினதுபோல.

ஆக, ஏஜிஆர்பி நியூரான் இயங்கினால் எலி தின்னும். அப்படியானால் எலி தின்னும்போதெல்லாம் அந்த நியூரான் இயங்கிக்கொண்டிருக்கும். யாருக்கும் இப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

2015இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சக்கரி நைட் குழு, பசியோடு இருக்கும் எலியில் ஃபைபர் போட்டோமெட்ரி செய்து ஒட்டுக்கேட்டது. உணவைக் கூண்டுக்குள் வைத்த சில நொடிகளில் நியூரான்களின் இயக்கம் சரிந்து விழுந்தது. தின்றபிறகு என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் முதல் கவளத்துக்கு முன்பே, பார்த்து மோந்த மாத்திரத்திலேயே சரிந்தது. எலி நிஜமாகத் தின்னும் நேரத்தில் இந்தப் ‘பசி நியூரான்கள்’ கிட்டத்தட்ட மௌனமாக இருந்தன. அதே காலத்தில் வேறு குழுக்கள் வேறு முறைகளில் பதிவு செய்தும் இதையே பார்த்தன.

இப்போது புதிர். தின்னும்போது மௌனமாக இருக்கும் நியூரான், தூண்டினால் எப்படித் தின்ன வைக்கிறது? நைட் குழு மறுவருடம் ஒரு நேர்த்தியான சோதனை செய்தது. உணவே இல்லாத கூண்டில் எலியின் நியூரான்களை முதலில் தூண்டினார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு உணவை வைத்தார்கள். விளக்கு அணைந்தபிறகும் எலி நன்றாகத் தின்றது. அதாவது அந்த நியூரான்கள் முன்கூட்டியே விட்டுச்சென்ற ஏதோ ஒன்று பிறகும் தொடர்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், அடுப்பை அணைத்தாலும் சட்டியில் சூடு இருக்கிறது. அந்தச் சூடு எதில் தங்கியிருக்கிறது என்பதிலும், பசி ஒரு தொல்லையாக எலியைத் துரத்துகிறதா இல்லை உணவை இன்னும் ருசியாக்கி இழுக்கிறதா என்பதிலும் சர்ச்சை உண்டு.

தூண்டலை மட்டும் செய்திருந்தால் இந்தப் புதிரே கண்ணில் பட்டிருக்காது. பதிவை மட்டும் செய்திருந்தால் ‘இவை தின்பதைத் தடுக்கும் நியூரான்கள் போல’ என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். 20 ஹெர்ட்ஸில் சீராக, எல்லா நியூரானும் ஒரே சமயத்தில் துடிப்பது இயற்கையில் நடக்காத ஒன்று. ஒரு ஊரையே ஒரே குரலில் கத்த வைத்துவிட்டு, அந்த ஊரில் எப்போதும் இப்படித்தான் பேசுவார்கள் என்று சொல்ல முடியாதில்லையா?

சண்டை, நினைவு எல்லாம்கூடத் தூண்ட முடியும் என்கிறார்களே?

முடியும். 2011இல் டேவிட் ஆண்டர்சன் குழு ஹைப்போதலாமஸின் இன்னொரு மூலையைத் தூண்டியபோது ஆண் எலி, பெண் எலியைத் தாக்கியது. காற்றடைத்த கையுறையைக்கூடத் தாக்கியது.

நினைவு விஷயம் இன்னும் விசித்திரம். 2013இல் எம்ஐடியில் சுசுமு டோனெகாவா ஆய்வகத்தில், ஒரு எலி முதல் பெட்டியை ஆராய்ந்தபோது, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியில் இயங்கிய செல்களில் மட்டும் சேனல்ரோடாப்சின் உருவாகும்படி செய்தார்கள். அடுத்த நாள் வேறு பெட்டி. அங்கே அந்தப் பழைய செல்களை ஒளியால் எழுப்பிக்கொண்டே காலில் லேசான மின்னதிர்ச்சி. பிறகு முதல் பெட்டிக்குத் திரும்பக் கொண்டுபோனால், அங்கே எந்தக் கெட்டதும் நடக்காத அந்தப் பெட்டியில், எலி பயந்து உறைந்து நின்றது. பொய் நினைவு என்று செய்தித்தாள்கள் எழுதியது இதைத்தான். புதிதாக ஒரு கதையை எழுதி உள்ளே வைக்கவில்லை. இருந்த ஒரு நினைவோடு ஒரு பயத்தை முடிச்சுப்போட்டார்கள்.

தூண்டுவதுபோல அணைக்கவும் முடியுமா?

முடியும், ஆனால் தூண்டுவதைவிடத் தகராறு பிடித்தது. உப்பளங்களில் வாழும் நுண்ணுயிரிகளின் புரதங்கள் இதற்கு உதவின. ஒளி பட்டால் குளோரைடை உள்ளே இறைக்கும் ஒன்று 2007இலும், புரோட்டானை வெளியே இறைக்கும் இன்னொன்று 2010இலும் நியூரானுக்கு வந்தன. இவை கதவுகளாக இல்லாமல் பம்புகளாக இருப்பதால் ஒரு ஃபோட்டானுக்கு ஒரு அயனிதான் நகரும். அதனால் விளக்கை நிமிடக்கணக்கில் எரியவிட வேண்டியிருக்கும்.

அங்கேதான் சூடு பிரச்சினையாகிறது. 2019இல் அனடோல் க்ரைட்ஸர் குழு, எந்த ஒளிப்புரதமும் இல்லாத எலிகளில், அசைவுக்கு முக்கியமான ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப்பகுதியில் வெறும் ஒளியைப் பாய்ச்சியது. சில மில்லிவாட் ஒளி திசுவை அதிகபட்சம் ஒன்றிரண்டு டிகிரி சூடாக்கியது. அதற்கே நியூரான்களின் துடிப்பு குறைந்தது, எலி ஒரு பக்கமாகச் சுற்றவும் தொடங்கியது. அதற்குமுன் வந்த எத்தனை கட்டுரைகளின் முடிவுகளில் இந்தச் சூடு ஒளிந்திருக்கிறதோ! புரதம் வைக்காத எலிக்கும் அதே ஒளியைக் கொடுத்து ஒப்பிடாத எந்த ஆய்வையும் நான் இப்போது நம்புவதில்லை.

ஒரே எலியில், ஒரே இழையில் தூண்டவும் பதியவும் முடியுமா?

முடியும், வண்ணத்தை யோசித்துத் தேர்ந்தெடுத்தால். ஜிகேம்பைப் பார்க்க நீல ஒளி வேண்டும். சேனல்ரோடாப்சினைத் திறப்பதும் அதே நீலம். இரண்டையும் ஒன்றாக வைத்தால் பார்ப்பதே தூண்டுவதாகிவிடும். அதனால் 2014இல் வெளிவந்த கிரிம்சன் போன்ற செவ்வொளிப் புரதத்தைத் தூண்டலுக்கு வைப்பார்கள். அப்படியும் கிரிம்சன் நீலத்தில் முழுக் குருடு கிடையாது, ஓரளவு திறக்கும். பதிவு ஒளியை மைக்ரோவாட் அளவில் அடக்கி வைப்பதன் அவசியம் இங்கேதான் புரியும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எங்கே ஏமாறுவார்கள்?

என்னிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒருமுறை அருமையான போட்டோமெட்ரி முடிவு கிடைத்தது. எலி இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒளி இறங்கியது, ஒவ்வொரு முறையும், கடிகாரம் மாதிரி. இரண்டு வாரம் மிதப்பில் இருந்தேன், ஒரு கருத்தரங்கச் சுருக்கம்கூட எழுதிவிட்டேன். கடைசியில் கேபிளையும் பூணையும் இணைக்கும் பீங்கான் உறையில் ஒரு மயிரிழை விரிசல். எலி இடப்பக்கம் திரும்பினால் அது விரிந்து ஒளி கசிந்தது. ஊதாக் கோட்டை முதலிலேயே ஒழுங்காகப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்தது, எலி கண்ணால் வெளிச்சத்தைப் பார்த்துவிடுவது. சிமெண்டிலிருந்தும் இணைப்பிலிருந்தும் கசியும் நீல ஒளி இருட்டுக் கூண்டில் தீபாவளி மாதிரி தெரியும். எலி திடுக்கிட்டதை நாம் மூளைத் தூண்டல் என்று எழுதிவிடுவோம். சிமெண்டில் கரித்தூள் கலப்பது, இணைப்பின்மேல் கறுப்பு உறை மாட்டுவது எல்லாம் இதற்குத்தான். 2005இல் ஸுசானா லிமாவும் கீரோ மீசென்பாக்கும் பழ ஈக்களை ஒளியால் பறக்க வைத்தபோது இந்தச் சந்தேகம் வராமலிருக்கத் தலையில்லாத ஈக்களிலும் செய்து காட்டினார்கள். தலையில்லாத ஈயும் பறந்தது. எலியில் அந்த வசதி நமக்கு இல்லை.

கேபிளே கொஞ்சம் ஒளிரும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். முந்தின இரவு முழுக்க வெறும் கேபிளில் ஒளியை ஓடவிட்டு அந்த ஒளிர்வை மங்கச் செய்துவிட்டுத்தான் மறுநாள் பதிவைத் தொடங்குவோம்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் மூளையை வெட்டிப் பார்க்க வேண்டும். இழை நிஜமாக எங்கே நின்றது, வைரஸ் எங்கே பரவியது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்காதவரை அந்த எலியின் தரவு தரவே இல்லை. ஆர்க்குவேட் என்று நினைத்து பக்கத்திலிருக்கும் மூளை அறையான மூன்றாம் வென்ட்ரிக்கிளின் திரவத்துக்குள் இழையை நிறுத்தியவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

எலிக்கு வலிக்காதா? இதெல்லாம் பாவமில்லையா?

மூளைத்திசுவுக்கு வலி உணரும் நரம்புமுனைகள் கிடையாது. தோலுக்கும் எலும்பின் மேலுறைக்கும் உண்டு. அதனால்தான் மயக்கமருந்தும் வலிநிவாரணியும். ஆய்வின் முடிவில் எலி கருணைக்கொலை செய்யப்படும். இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இதற்கென ஒன்றிய அரசுக் குழு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு உண்டு. எத்தனை எலி, ஏன் அத்தனை, வேறு வழி இல்லையா என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்காமல் ஒரு எலியைத் தொட முடியாது. பாவமா இல்லையா என்ற கேள்விக்குச் சித்தியிடம் நான் பதில் சொல்லவில்லை. எனக்கே சில நாள் ஒரு பதில், சில நாள் வேறு பதில்.

மனிதர்களுக்கு இது வந்துவிட்டதா? நாளைக்கு யாராவது என் மூளையை ரிமோட்டில் இயக்குவார்களா?

கண்ணில் வந்திருக்கிறது. 2021இல் ஜோசே-அலைன் சாஹெல், போடோண்ட் ரோஸ்கா ஆகியோர் தலைமையிலான குழு, விழித்திரை நோயால் பல பத்தாண்டுகளாகப் பார்வை இழந்திருந்த 58 வயது மனிதரின் ஒரு கண்ணில் கிரிம்சன் வகைப் புரதத்தை வைரஸ் மூலம் வைத்தது. சிறப்புக் கண்ணாடி அணிந்து மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தபிறகு, எதிரே மேசைமேல் இருந்த பொருட்களை அவரால் கண்டுபிடித்து, தொட்டு, எண்ண முடிந்தது. முகம் அடையாளம் காணும் அளவுக்கு அல்ல. கண்ணாடியைக் கழற்றினால் முடியாது.

ரிமோட் கேள்விக்கு: யாராவது உங்கள் மண்டையில் ஓட்டை போட்டு, வைரஸ் செலுத்தி, இழை பதித்து, ஒரு மாதம் காத்திருக்க நீங்கள் சம்மதிக்க வேண்டும். விளம்பரக்காரர்களுக்கு உங்கள் கைப்பேசி போதும்.

எம்எஸ்சி படிக்கிறேன். இந்தத் துறைக்கு வர என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பைத்தான். எலியோடு கழிக்கும் நேரத்தைவிட அதன் கோடுகளோடு கழிக்கும் நேரம் நாலு மடங்கு. அடிப்படை மின்னணுவியல், சாலிடரிங் தெரிந்திருந்தால் ஆய்வகத்தில் ராஜ மரியாதை. அறுவைசிகிச்சை கை பழகப் பழக வரும், முதல் பத்து எலிகளின் தரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உயிரியல் மாணவர்கள் ஒளியியலையும், பொறியியல் மாணவர்கள் எலி எப்போது தூங்கும் என்பதையும் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நல்லது.

எலி கேபிளைக் கடித்துவிடாதா?

கடிக்கும். அதனால் இப்போது கேபிளுக்கு உலோகச் சுருள் உறை மாட்டி வைத்திருக்கிறோம். இரண்டு எலிகளை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றின் கேபிளை மற்றது கடிக்கும், அதற்கு இன்னும் தடிமனான உறை. போன மாதம் ஒன்று உறையை விட்டுவிட்டு, சுழலும் இணைப்புவரை கேபிளில் ஏறிப்போய் மேலே உட்கார்ந்துகொண்டது.